அருகமர்தல் கூடிக் கற்றல் ஆகாது

2023-ஆம் ஆண்டு ஆகத்துத் திங்களில், நெல்லை மாவட்டம் நாங்குநேரியில், பன்னிரண்டாம் வகுப்பு மாணாக்கன் ஒருவனை அவனோடு ஒரே பள்ளியில் பயின்ற மாணாக்கரே இரவில் வீடு புகுந்து வெட்டினர். தடுக்க வந்த தங்கையும் வெட்டுண்டாள். வெட்டியவர்க்கும் வெட்டுண்டவனுக்கும் இடையே நின்றது சாதி. ஒரே பாடநூல், ஒரே கரும்பலகை, ஒரே ஆசிரியர், ஒரே மணியோசை. இத்துணையும் ஒன்றாக இருந்தும் உள்ளம் ஒன்றவில்லை. தமிழ்நாட்டுப் பள்ளிகள் தலைகுனிந்து எண்ண வேண்டிய செய்தி இது.

அதன்பின் தமிழக அரசு, உயர்முறைமன்ற ஓய்வுபெற்ற நடுவர் சந்துரு அவர்களை ஒருவர் குழுவாக அமர்த்தியது. 2024 சூன் திங்களில் அவர் தம் அறிக்கையை அளித்தார். கையில் சாதி காட்டும் வண்ணக் கயிறு கட்டலாகாது, மாணாக்கரைப் பெயரின் எழுத்து வரிசைப்படி அமர்த்த வேண்டும் என்பன அவர்தம் பரிந்துரைகளுள் சில. நல்லவை, நிறைவேற வேண்டியவை. ஆயினும் ஓர் ஐயம் எஞ்சி நிற்கின்றது. கயிற்றை அறுத்துவிடலாம், கயிறு கட்டிய கையை மற்றொரு கையோடு சேர்த்து வைப்பது எவ்வாறு? எழுத்து வரிசைப்படி இருவரை ஒரே விசிப்பலகையில் அமர்த்திவிடலாம். ஒருவனுக்கு மற்றவன் வேண்டும் என்னும் நிலையை உண்டாக்குவது எவ்வாறு?

அருகருகே இருப்பது வேறு. கூடி இருப்பது வேறு. சந்தையில் ஆயிரவர் அருகருகே இருக்கின்றனர். அவர் கூட்டமேயன்றிக் குழுவல்லர். ஏர்ப்பூட்டில் இரண்டு மாடுகளே நிற்கின்றன. ஆயின் ஒன்று நின்றால் மற்றொன்று நடக்க இயலாது. வகுப்பறைகள் இன்று சந்தையாக இருக்கின்றன. அவை ஏர்ப்பூட்டாக வேண்டும்.

இற்றை வகுப்பறையை எண்ணிப் பார்க்க. ஆசிரியர் வினா ஒன்றை எழுப்புகின்றார். ஐந்தாறு கைகள் உயர்கின்றன. ஒருவன் எழுப்பப்பட்டு விடை தருமாறு பணிக்கப்படுகின்றான். அவன் தவறினால் மற்றக் கைகள் முன்னினும் உயர எழுகின்றன. அவன் வீழ்ச்சியே பிறர்க்கு வாய்ப்பு. கைதூக்காத முப்பதின்மரோ, தம்மை ஆசிரியர் கண்டுவிடலாகாதே என்று முன்னிருப்பவன் முதுகில் மறைகின்றனர். நாள்தோறும் ஐந்து மணி நேரம், பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள், உடன்பயில்வோன் தவறுவதில் மகிழும் பயிற்சியைப் பெற்ற பிள்ளை, பதினேழாம் அகவையில் அன்புடையவனாக வெளிவரவேண்டும் என்று எதிர்பார்ப்பது எவ்வகையில் பொருந்தும்? பொதுத்தேர்வில் மாநில அளவில் முதலிடம் பெற்றோர் பெயரை அறிவிக்கும் வழக்கத்தை அரசு 2017-இல் நிறுத்தியது. பாராட்டத்தக்க செயல். ஆனால் தெருமுனைகளில் தனியார் பள்ளிகள் நாட்டும் விளம்பரத் தட்டிகள் நின்றபாடில்லை. பெற்றோர் நெஞ்சில் நாட்டப்பட்ட தட்டியோ இன்னும் பெரிது.

இதற்கு மாற்று உண்டா என்று வினவுவோர் முதற்கண் தமிழ் இலக்கண நூலொன்றைத் திறத்தல் வேண்டும். 13-ஆம் நூற்றாண்டில் சீயகங்கன் வேண்டப் பவணந்தியார் யாத்த நன்னூலின் பொதுப்பாயிரம், கல்வி எவ்வாறு நிறைகின்றது என்பதைக் கணக்கிட்டே கூறுகின்றது. ஆசிரியர் சொல்வதை எவ்வளவு செம்மையாகக் கேட்டாலும் மாணாக்கன் பெறுவது புலமையில் கால் கூறே. உடன்பயில்வாரோடு பழகிப் பயில்வதால் வருவது இன்னொரு கால். எஞ்சிய அரைக் கூறும், தான் கற்றதைப் பிறர்க்கு எடுத்துரைப்பதால் வருவது. ஆகவே முக்கால் பங்கு கல்வி ஆசிரியரின் வாய்க்கு வெளியே இருக்கின்றது என்பதை இலக்கணமாகவே வகுத்துரைத்தார் பவணந்தியார். தமிழ்ப் புலவர் பலர் இந்நூற்பாக்களை நெட்டுருவாகச் சொல்வர். வகுப்பறைக்குள் சென்றதும் நாற்பத்தைந்து நிமையமும் தாமே பேசித் தீர்ப்பர். முக்கால் பங்கைப் பிள்ளைகளிடமிருந்து பறித்துக்கொண்டு, 'இவர்கள் கற்கவில்லை' என்று நொந்துகொள்வதும் அவர்களே!

பவணந்தியார் உரைத்தது ஏட்டளவில் நின்றுவிடவில்லை. திண்ணைப் பள்ளிகளில் அதன் ஒரு வடிவம் வழங்கிவந்தது. மூத்த பிள்ளை இளைய பிள்ளைக்கு மணலில் விரல்பிடித்து எழுத்தறிவித்தான். சட்டாம்பிள்ளை முறை சொன்னான். மற்றவர் திருப்பிச் சொன்னார்கள். 1822-இல் சென்னை மாகாண ஆளுநர் தாமசு மன்றோ நாட்டுப் பள்ளிகளைக் கணக்கெடுக்கப் பணித்தபோது, மாகாணம் முழுதும் 12,498 பள்ளிகள் இருந்தமை தெரியவந்தது. அக்கணக்கெடுப்பின்போது, 1823-இல் பெல்லாரித் தண்டலர் காம்பெல் விடுத்த அறிக்கை, முன்னேறிய மாணாக்கர் பின்தங்கியோர்க்குக் கற்பிக்கும் இம்முறையை வியந்து பாராட்டியது. கற்பிப்பவன் தன் அறிவையும் அதனால் உறுதிப்படுத்திக் கொள்கின்றான் என்றும், இங்கிலாந்து இதனைப் பின்பற்றியது தகும் என்றும் அவர் எழுதினார். பவணந்தியார் சொன்ன அரைக் கூற்றை வெள்ளைத் தண்டலரும் கண்டுகொண்டார்.

இங்கிலாந்து பின்பற்றியது எவ்வாறு? 1789-இல் சென்னை எழும்பூரில் படைவீரர்தம் ஏதிலிப் பிள்ளைகளுக்கான பள்ளிக்குப் பொறுப்பேற்ற ஆந்திரூ பெல் என்னும் இசுக்காத்துலாந்து நாட்டுக் குருமார், அருகிலிருந்த நாட்டுப் பள்ளியொன்றில் பிள்ளைகள் மணலில் எழுதிப் பழகுவதைக் கண்டார். தம் பள்ளியிலும் அதைச் செய்யப் பணித்தார். அங்கிருந்த ஆசிரியர் இணங்காமை கண்டு, எட்டு அகவைச் சிறுவன் ஒருவனிடம் அப்பணியை ஒப்படைத்தார், சிறுவன் வென்றான். பெல் 1796-இல் தாயகம் திரும்பி, மறு ஆண்டே தம் பட்டறிவை இலண்டனில் நூலாக வெளியிட்டார். அம்முறைக்குச் சென்னையின் பெயரே வழங்கியது. யோசப்பு இலங்காசுட்டர் என்பார் தம் வழியில் இத்தகைய பள்ளிகளை நடத்தினார்; 1811-இல் தோன்றிய ஆங்கிலத் திருச்சபைக் கல்விக் கழகம் பெல்லின் முறையை நாடெங்கும் பரப்பியது. தமிழகத் தெருமணலில் முளைத்தது கடல் கடந்து வேர்விட்டது என்பது வரலாறு.

ஆயினும் பழம்பெருமை பேசி அமைதல் அறிவுடையார் செயலன்று. திண்ணைப் பள்ளிக்குக் குறைகள் பல இருந்தன. ஒடுக்கப்பட்டோர் பிள்ளைகளுக்கு அத்திண்ணையில் இடமில்லை. பெண்மக்கள் அரிதாகவே வந்தனர். பிரம்பும் கோதண்டமும் அங்கே ஆட்சி புரிந்தன. பொருள் உணராமல் உருவேற்றுதலே பெரும்பாலும் நிகழ்ந்தது. சட்டாம்பிள்ளை, ஆசிரியரின் குட்டி நிழலாக நின்று, அவரினும் மிகையாக அடித்தான். இங்கிலாந்தில் இம்முறை இன்னும் சுருங்கி, ஒரே ஆசிரியரைக் கொண்டு நூற்றுக்கணக்கான ஏழைப் பிள்ளைகளைக் குறைந்த செலவில் அடக்கி வைக்கும் ஆலைமுறை ஆயிற்று. கரணியம் தெளிவு. சட்டாம்பிள்ளை முறையில் அறிவு மேலிருந்து கீழ்நோக்கியே ஓடியது. ஒருவன் என்றும் கொடுப்பவன். மற்றவன் என்றும் கொள்பவன். கொள்பவனிடமும் கொடுக்கத்தக்கது ஒன்று உண்டு என்று அம்முறை நம்பவில்லை. கூடிக் கற்றல் என்பது இக்குறையை நீக்கிய நிலை: அங்கே ஒவ்வொருவனும் கொடுப்பான், ஒவ்வொருவனும் கொள்வான்.

இதனை மெய்ப்பித்துக் காட்டிய வகுப்பறை அமெரிக்காவில் இருந்தது. 1971-ஆம் ஆண்டு தெக்குசாசு மாநிலம் ஆசுத்தின் நகரில் வெள்ளையர் பிள்ளைகளும் கறுப்பின மெக்சிக்க மரபினர் பிள்ளைகளும் முதன்முறையாக ஒரே வகுப்பறைகளில் அமர்த்தப்பட்டனர். விளைந்தது ஒற்றுமையன்று, அடிதடி. உளவியலறிஞர் எலியட்டு ஆரன்சன் அழைக்கப்பட்டார். அவரும் அவர்தம் மாணாக்கரும் வகுப்புகளை உற்றுநோக்கிக் கண்ட நோய், மேலே கூறிய கைதூக்கும் போட்டியே. அவர் செய்த மருத்துவம் எளிது. பிள்ளைகளை இனங்கலந்த ஆறுபேர் குழுக்களாகப் பிரித்தார். பாடத்தையும் ஆறு கூறாக்கி ஆளுக்கொரு கூற்றைத் தந்தார். தன் கூறன்றிப் பிற ஐந்தும் ஒருவனிடம் இல்லை. ஒரே கூற்றைப் பெற்றோர் முதலில் தமக்குள் கூடித் தெளிந்தனர். பின் தத்தம் குழுவுக்குத் திரும்பிக் கற்பித்தனர். இறுதியில் தேர்வு ஆறு கூற்றுக்கும் உண்டு.

முதலில், ஆங்கிலம் தடுமாறிய மெக்சிக்கச் சிறுவனை மற்றவர் எள்ளினர். எள்ளிக்கொண்டிருந்தால் அவனிடமுள்ள கூறு தமக்குக் கிட்டாது என்பது சில நாளிலேயே அவர்களுக்கு உறைத்தது. எள்ளல் நின்றது, அவன் வாயிலிருந்து செய்தியை வருவிக்கும் நல்ல வினாக்கள் பிறந்தன. அவனும் அச்சம் தெளிந்தான். சில கிழமைகளில் வகுப்பில் பகைமை தணிந்தது. கறுப்பின மெக்சிக்கப் பிள்ளைகளின் தேர்வு மதிப்பெண் உயர்ந்தது. வெள்ளைப் பிள்ளைகளின் மதிப்பெண் சிறிதும் குறையவில்லை. 'அன்பாக இருங்கள்' என்று அங்கே எவரும் அறவுரை ஆற்றவில்லை. ஒருவர்க்கொருவர் தேவையாக்கப்பட்டனர், அன்பு பின்தொடர்ந்தது. இடைவேலி இல்லாத அடுத்தடுத்த இருக்கையால் ஆகாதது, பங்கிட்ட பாடத்தால் ஆயிற்று.

ஆசுத்தினில் நின்றது நிறம்; நாங்குநேரியில் நின்றது சாதி. நோய் ஒருபடித்தே. மருந்தைத் தமிழ் வகுப்பறைக்குப் பொருத்திக் காண்பது கடினமன்று. ஐந்திணைப் பாடத்தை எடுத்துக்கொள்க. நாற்பதின்மர் உள்ள வகுப்பில் ஐவர் ஐவராக எட்டுக் குழுக்கள். குழு அமைப்பது ஆசிரியர் பணி. பிள்ளைகள் தாமே கூடினால் தெருவும் சாதியும் கூடிவிடும். ஒவ்வொரு குழுவிலும் ஒருவனுக்குக் குறிஞ்சி, ஒருவனுக்கு முல்லை, ஒருவனுக்கு மருதம், ஒருவனுக்கு நெய்தல், ஒருவனுக்குப் பாலை. அவனவன் தாளில் அவனவன் திணைக்குரிய நிலம், பெரும்பொழுது, சிறுபொழுது, கருப்பொருள், உரிப்பொருள் மட்டுமே இருக்கும்.

முதற் பாடவேளையில், குறிஞ்சித் தாள் பெற்ற எண்மர் நால்வர் நால்வராக இரு கூட்டமாகக் கூடுவர். கூதிரும் முன்பனியும் யாமமும் மலைக்கு ஏன் உரியவாயின என்று தமக்குள் வினவித் தெளிவர். மற்றத் திணையினரும் அவ்வாறே செய்வர். இரண்டாம் பாடவேளையில் ஒவ்வொருவனும் தன் குழுவுக்குத் திரும்பித் தன் திணையை உரைப்பான். இங்கேதான் பாடத்தின் சுவை. பாலைத் தாள் பெற்றவனுக்கு நிலம் என்று தனியே ஒன்றும் இராது. குறிஞ்சியும் முல்லையும் வெம்மையால் வறண்டு தம் இயல்பு கெட்டதே பாலை. ஆகவே குறிஞ்சிக்காரனையும் முல்லைக்காரனையும் கேளாமல் பாலைக்காரன் தன் திணையையே அறிய மாட்டான்! பிரிதலும் இருத்தலும் ஒரே வாழ்வின் இரு பக்கங்கள் என்பதை, பாலைக்காரனும் முல்லைக்காரனும் உரையாடும்போது பிள்ளைகள் தாமே காண்பர். ஆசிரியர் சொல்லி வருவதினும் அவ்வறிவு ஆழ வேரூன்றும். மூன்றாம் பாடவேளையில் தேர்வு. குறிஞ்சி கற்றவனிடம் நெய்தலையும், நெய்தல் கற்றவனிடம் மருதத்தையும் கேட்க வேண்டும். தனித்தனியே எழுத வேண்டும். உடனிருப்பவன் செவ்வையாகக் கற்பித்தானா என்பதும், இவன் செவ்வையாகக் கேட்டானா என்பதும் அங்கே வெளிப்படும்.

'குழுவாக விட்டால் ஒருவன் உழைப்பான், நால்வர் உறங்குவர்' என்பது தலையாய தடை. இத்தடை பொய்யன்று. பிரெஞ்சு வேளாண் பொறியாளர் இரிங்கெல்மன் என்பார் வடம் இழுக்கச் செய்து அளந்து, 1913-இல் தம் முடிவுகளை வெளியிட்டார். எண்மர் சேர்ந்து இழுத்தபோது, ஒவ்வொருவனும் தனித்து இழுக்கும் ஆற்றலில் ஏறத்தாழப் பாதியே வெளிப்பட்டது. ஆள் பெருகப் பெருக ஒருங்கிணைவு குன்றும். யார் இழுத்தார் என்று தெரியாமையால் ஊக்கமும் குன்றும். இன்று பள்ளிகளில் குழுச்செயல்பாடு என்ற பெயரால் நடப்பது பெரும்பாலும் இவ்வடமிழுப்பே. கடையில் விற்கும் படத்தை வாங்கி ஒருத்தி ஒட்டுவாள். ஐவர் பெயர் எழுதப்படும். ஐவர்க்கும் மதிப்பெண் விழும். அது கூடிக் கற்றலன்று, கூடி ஏய்த்தல்.

இதனைத் தவிர்க்கும் வழியை மின்னசோட்டாப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த தாவீது சான்சன், உரோசர் சான்சன் என்னும் உடன்பிறந்தார் ஐந்து கூறாக வகுத்துரைத்தனர். ஒருவர் வெற்றி மற்றவர் வெற்றியோடு பிணைந்திருத்தல். ஒவ்வொருவரும் தனித்தனியே விடையிறுக்கும் பொறுப்புடைமை. முகம்நோக்கி உரையாடி ஒருவரையொருவர் ஊக்குதல். கேட்டல், மறுத்தல், இணங்கல் முதலிய பழகுதிறன்களைக் கற்பித்தல். பணி முடிந்தபின் குழு தன்னைத்தானே ஆய்ந்து கொள்ளுதல். இவ்வைந்தில் முதலிரண்டும் இன்றேல் மற்ற மூன்றும் ஒப்பனையே. ஐந்திணைப் பாடத்தில் தாள் பங்கிட்டது முதற் கூறு. தனித்தேர்வு வைத்தது இரண்டாம் கூறு.

'இரைச்சல் மிகும், மேற்பார்வையிட வரும் அலுவலர் என்ன எண்ணுவார்?' என்பது மற்றொரு தடை. இடுகாட்டிலும் அமைதி உண்டு. அங்கே எவரும் கற்பதில்லை. தறி ஓடும் வீட்டில் ஓசை இருக்கும், துணியும் இருக்கும். 'பாடத்திட்டம் முடியாது' என்பர் சிலர். ஆசிரியர் முடிப்பது ஒன்று. மாணாக்கன் முடிப்பது மற்றொன்று. எல்லாப் பாடத்தையும் இவ்வாறு நடத்த வேண்டுவதுமில்லை. கூறாக்கத்தக்க பாடம் கிழமைக்கு ஒன்று போதும். 'என் பிள்ளை கெட்டிக்காரன். அவன் ஏன் பிறர்க்குச் சொல்லிக்கொடுத்துப் பொழுதை வீணாக்க வேண்டும்?' என்று பெற்றோர் கேட்பர். பவணந்தியார் வகுத்த அரைக் கூற்றை அவர்களிடம் எடுத்துரைக்க. சொல்லிக்கொடுக்காத கெட்டிக்காரனின் கல்வி பாதியில் நிற்கின்றது. வீணாவது அவன் பொழுதே.

தமிழ்நாட்டரசு இவ்வழியில் அடிவைக்காமலும் இல்லை. 2003-இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகள் 13-இல் தொடங்கிய செயல்வழிக் கற்றல், 2007-08-இல் மாநிலம் முழுதும் தொடக்க வகுப்புகளில் பரவியது. ஆசிரியர் துணையோடு கற்கும் குழு, உடன்பயில்வார் துணையோடு கற்கும் குழு, தானே கற்கும் குழு என்று வகுப்பு பிரிந்து அமர்ந்தது. ஆசிரியர் நாற்காலியை விட்டுத் தரையில் பிள்ளைகளோடு அமர்ந்தார். அதுவே ஒரு புரட்சி. 2022 சூனில் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டம், தொடக்கத்தில் முதல் மூன்று வகுப்புப் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்னும் நிலைகளில் கற்பித்தது. அடிப்படை எழுத்தறிவுக்கு இத்தகைய நிலைப்பிரிப்பு வேண்டுவதே. ஆனால் ஒன்றை மறவாதிருத்தல் வேண்டும். அரும்பு நாள்முழுதும் அரும்போடே அமர்ந்து, ஆண்டுமுழுதும் அரும்பாகவே இருந்தால், வகுப்பறைக்குள் புதிய சாதியொன்று முளைத்துவிடும். நாளில் ஒரு பொழுதேனும் அரும்பும் மலரும் ஒரே குழுவில் அமர்ந்து, அரும்பிடமும் மலர் ஒன்றைக் கேட்டுப் பெற வேண்டிய பணி இருத்தல் வேண்டும்.

இறுதியாக, இவையனைத்திற்கும் அடித்தளமான ஒன்று உண்டு: பேசும் மொழி. கூடிக் கற்றல் பேச்சால் நடப்பது. ஐயுற்றுக் கேட்கவும், மறுத்துரைக்கவும், 'அது அப்படியன்று, இப்படி' என்று விளக்கவும் பிள்ளைக்குத் தங்குதடையற்ற மொழி வேண்டும். அது தாய்மொழியே. 2012-13-ஆம் கல்வியாண்டு முதல் அரசுப் பள்ளிகளிலும் ஆங்கிலவழிப் பிரிவுகள் பெருகத் தொடங்கின. வீட்டில் ஆங்கிலம் கேளாத பிள்ளைகள் நாற்பதின்மரை அங்கே அமர்த்தி, 'குழுவாக உரையாடுங்கள்' என்றால் என்ன நிகழும்? ஒன்று, அறவே பேசார். அன்றித் தமிழில் பேசி ஆசிரியர் வந்ததும் வாய்மூடுவர். ஆங்கிலச் சொற்றொடரை உருவேற்றி ஒப்பித்தலே அவர்களுக்கு எஞ்சும். ஆசுத்தினில் அச்சிறுவன் எள்ளப்பட்டதும் அயன்மொழியில் தடுமாறியமையால் என்பதை நினைவுகூர்க. அங்கே ஒரு சிறுவன் தடுமாறினான். இங்கே வகுப்பு முழுதும் தடுமாறுகின்றது. பவணந்தியார் சொன்ன முக்கால் பங்கு கல்வியும் உரையாடலில் இருக்க, அவ்வுரையாடலுக்கு வாயடைக்கும் மொழியைப் பயிற்றுமொழியாக்குவது, பிள்ளைக்குரிய முக்காலைப் பிடுங்குவதன்றி வேறென்ன? ஆங்கிலத்தை மொழிப்பாடமாகக் கற்கட்டும், நன்றாகவே கற்கட்டும். அறிவைக் கூடிப் பெறுவதற்கு மட்டும் தமிழே வாயிலாக இருக்கட்டும்.

தமிழாசிரியப் பெருமக்களே! பிற பாட ஆசிரியரினும் இக்கடமை உங்கட்கே முதற்கண் உரியது. உங்கள் பாடவேளையில் மொழித்தடை இல்லை; பவணந்தியார் உங்கள் நூல்; ஐந்திணை உங்கள் பாடம். புதிய கட்டடமோ, புதிய கருவியோ, அரசாணையோ வேண்டுவதில்லை. ஐந்து தாள்கள் போதும். வரும் கிழமையில் ஒரு பாடத்தை ஐந்து கூறாக்குக. கயிறு கட்டிய கையும் கட்டாத கையும் ஒரே தாளின் மேல் ஊன்றி நிற்கும்படி குழுவை அமைக்க. ஒருவன் வாயிலிருந்து வரும் சொல்லுக்காக மற்ற நால்வரும் காத்திருக்கும் அந்தச் சிறுபொழுதில், தெருவும் சாதியும் செய்ய விடாத ஒன்றைத் தமிழ் வகுப்பறை செய்யத் தொடங்கியிருக்கும்.